அமெரிக்காவில் மேற்படிப்பு: நிதி உதவி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

"அக்கா, ஃபாஃப்சா போட்டா பணம் வருமாமே, எனக்கும் வருமா?" நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனில் எங்கள் வட்டத்தில் யாராவது மாஸ்டர்ஸ் படிக்கலாம் என்று நினைத்தால் முதலில் இப்படித்தான் போன் வரும். நான் பதில் சொல்வதில்லை, மூன்று கேள்வி கேட்பேன். கையில் இருப்பது என்ன விசா, அல்லது என்ன கார்டு? பட்டம் வாங்கச் சேருகிறாயா, இல்லை ஒன்றிரண்டு பாடம் மட்டும் எடுக்கப் போகிறாயா? ஒரு செமஸ்டருக்கு எத்தனை கிரெடிட், அதாவது பாட அலகு? மதிப்பெண், ஜிஆர்ஈ தேர்வு, வேலை அனுபவம் எல்லாம் அட்மிஷனுக்கு. அரசாங்கப் பணத்துக்கு இந்த மூன்றும்தான்.

நான் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) வந்து, பல வருஷம் காத்திருந்து கிரீன் கார்டு கிடைத்தபின் மாஸ்டர்ஸ் சேர்ந்தவள். நடுவில் ஒரு கோடைக்காலத்தில் வேறொரு பல்கலைக்கழகத்தில் விருந்தினர் மாணவியாக ஒரு பாடம் எடுத்து, அதற்கான பணத்துக்காக இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே பந்து மாதிரி உருண்டதும் உண்டு. அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் உங்கள் தாளைப் பாருங்கள்

ஃபாஃப்சா என்பது ஃபெடரல் அரசின் மாணவர் உதவிக்கான இலவச விண்ணப்பம். இதை நிரப்பித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், ஐ-94 என்ற நுழைவுப் பதிவுத் தாளில் அகதி என்றோ அடைக்கலம் வழங்கப்பட்டவர் என்றோ குறிக்கப்பட்டவர்கள் ஆகியோர் இதில் தகுதி பெறும் முக்கியப் பிரிவினர். இரண்டு வருட நிபந்தனை கிரீன் கார்டும் செல்லும்.

எஃப்-1 (மாணவர்), ஜே-1 (பரிமாற்றத் திட்டம்), எச்-1பி, எச்-4 ஆகிய விசாக்களுக்குத் தகுதி இல்லை. நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டாயிற்று, ஈஏடி (வேலை அனுமதி அட்டை) கையில் இருக்கிறது, வேலைக்கும் போகிறேன், வரியும் கட்டுகிறேன் என்பார்கள். அதுவும் போதாது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பது வேறு, கார்டு கிடைத்திருப்பது வேறு. இந்தியர்களுக்கான வரிசை எவ்வளவு நீளம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசையில் நிற்கும் காலம் முழுக்க ஃபெடரல் உதவிக் கதவு மூடித்தான் இருக்கும். அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்துக் காத்திருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் இதே நிலைதான். வழங்கப்பட்ட பிறகுதான் கதவு திறக்கும்.

எச்-4-இல் இருப்பவர்கள் இங்கேயே பக்கத்தை மூடிவிட வேண்டாம். மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணம் என்பது தனிக் கணக்கு. அதை ஃபெடரல் அரசு முடிவு செய்வதில்லை, மாநிலமும் பல்கலைக்கழகமும் முடிவு செய்கின்றன. எச்-4-க்கு அதைத் தரும் மாநிலங்கள் உண்டு. பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள்; நிதி உதவி அலுவலகத்தில் கேட்டால் "எங்கள் வேலை இல்லை" என்பார்கள், அது உண்மையும்கூட.

ஃபாஃப்சா நிரப்பும்போது

தகுதி இருக்கிறது என்றால் அடுத்தது ஸ்டூடன்ட்எய்ட் டாட் கவ் தளத்தில் கணக்கு தொடங்குவது. அங்கே நீங்கள் கொடுக்கும் பெயரும் பிறந்த தேதியும் சோஷியல் செக்யூரிட்டி பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் உடனே முடியும், சிலருக்கு ஓரிரு நாள் ஆகலாம். தமிழர்களுக்குப் பாதித் தலைவலி இங்கேதான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது) என்று விழுந்து, நம் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கும். சோஷியல் செக்யூரிட்டி கார்டு எடுத்தபோது அப்பா பெயரைச் சேர்த்திருப்போம். கிரீன் கார்டு வரும்போது கணவர் பெயர் கடைசியில் ஒட்டியிருக்கும். நான் விண்ணப்பித்த அன்று சமையலறை மேசையில் மூன்று தாளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன்: ஒரே ஆள், மூன்று விதப் பெயர். ஃபாஃப்சாவில் சோஷியல் செக்யூரிட்டி கார்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் போடுங்கள். கிரீன் கார்டில் இருக்கும் ஏ-நம்பரை 9 இலக்கமாகக் கொடுக்க வேண்டும். அதைக் குடியேற்றத் துறைப் பதிவோடு தனியாக ஒப்பிடுவார்கள். அதில் பெயர் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிடாது. உங்கள் பல்கலைக்கழகம் கார்டைக் கேட்டு வாங்கி, வேறு வழியில் சரிபார்க்கும். ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும். நேரம் இருந்தால் படிப்பு தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பே பெயர்களை ஒன்றாக்கிக்கொள்வது நல்லது.

மேற்படிப்பு மாணவர் என்றால் சட்டப்படி நீங்கள் சுயேச்சையான மாணவர். 22 வயதானாலும், அப்பா அம்மா வீட்டிலேயே இருந்தாலும், அவர்கள் வருமானத்தைக் கேட்கமாட்டார்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர்கள் என்னிடம் இதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். கல்யாணம் ஆனவர் என்றால் கணவன் அல்லது மனைவியின் வருமானம் கணக்கில் வரும். வரிக் கணக்கு இரண்டு வருடம் முந்தையது: 2026-27 கல்வியாண்டுக்கு 2024-ஆம் ஆண்டு வரிப் படிவம். அதை வரித்துறையிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ள நீங்கள் சம்மதம் தரவேண்டும். அந்தச் சம்மதம் தராவிட்டால், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஃபெடரல் உதவி கிடையாது.

வகுப்பு நிலை கேட்கும் இடத்தில் மாஸ்டர்ஸ் அல்லது முனைவர் என்று போடுங்கள். "அமெரிக்காவில் இது எனக்கு முதல் வருடம்தானே" என்று இளநிலை முதலாண்டைத் தேர்ந்தெடுத்தவர்களை எனக்குத் தெரியும். இளநிலைப் பட்டம் முடித்தாயிற்றா என்ற கேள்விக்கு ஆம் என்பதே பதில், இந்தியாவில் வாங்கிய பி.ஈ., பி.எஸ்சி. பட்டமாக இருந்தாலும். இதன் விளைவு ஒன்று உண்டு: திருப்பித் தர வேண்டாத பெல் கிராண்ட் முதல் இளநிலைப் பட்டம் படிப்பவர்களுக்கானது. ஊரில் பட்டம் வாங்கிவிட்டு இங்கே கம்யூனிட்டி காலேஜில் நர்சிங்கோ அக்கவுண்டிங்கோ புதிதாகச் சேர்ந்தாலும் பெல் வராது. மறைத்துப் போடலாமே என்று சொல்லித் தருபவர்களிடம் காதைக் கொடுக்காதீர்கள். பொய்த் தகவல் கொடுத்து வாங்கிய பணம் குற்ற வழக்காக மாறக்கூடும், கிரீன் கார்டில் இருப்பவருக்கு அது விளையாட்டு இல்லை.

சரி, என்னதான் கிடைக்கும்?

பெரும்பாலும் கடன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நிதி உதவி என்ற பெயரைப் பார்த்து நன்கொடை என்று நினைத்துக்கொள்கிறோம். மேற்படிப்பில் ஃபாஃப்சா திறந்துவிடுவது முக்கியமாகக் கடன் கதவைத்தான். படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும் கடன் வகை 2012 ஜூலைக்குப் பிறகு மேற்படிப்பு மாணவர்களுக்குக் கிடையாது. மிச்சம் இருப்பது அன்சப்சிடைஸ்டு கடன், அதாவது வட்டி முழுதும் நம் தலையில் விழுவது, வருடத்துக்கு 20,500 டாலர் வரை. உங்கள் வருமானம் எவ்வளவு என்பது இந்தக் கடனுக்குத் தடை இல்லை. இரண்டு பேரும் ஐடியில் சம்பாதிக்கும் வீட்டுக்கும் கிடைக்கும்.

இதன் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 2025-26-இல் வட்டி 7.94 சதவீதம். கொடுக்கும்போதே 1.057 சதவீதம் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். 20,500-இல் 217 டாலர் அப்படியே போய்விடும். முழுத்தொகையும் வந்த பிறகு ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 1,628 டாலர் வட்டி, மாதம் 135 சொச்சம். படிக்கும்போது கட்டவேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். முடிந்தவர்கள் மாதாமாதம் அந்த வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள். நான் முதல் வருடம் கட்டவில்லை, இரண்டாம் வருடம் கணக்கைத் திறந்து பார்த்த அன்றிலிருந்து கட்டத் தொடங்கினேன்.

முன்பெல்லாம் இந்த 20,500 போதாதவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற கடன் இருந்தது. மொத்தப் படிப்புச் செலவு வரை வாங்கலாம். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதை 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்கு நிறுத்திவிட்டது. அதே தேதியிலிருந்து புது வரம்புகள்: சாதாரண மேற்படிப்புக்கு வருடம் 20,500, மொத்தம் 1,00,000 டாலர், மருத்துவம், பல் மருத்துவம், சட்டம் போன்ற தொழில்முறைப் பட்டங்களுக்கு வருடம் 50,000, மொத்தம் 2,00,000 டாலர். முழுநேரத்துக்குக் குறைவாகப் படித்தால் அந்த விகிதத்தில் கடனும் குறையும். 2026 ஜூன் 30-க்குள் ஒரு படிப்பில் சேர்ந்து அதற்காக ஃபெடரல் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு மட்டும், படிப்பு முடியும் வரையோ மூன்று கல்வியாண்டுகள் வரையோ, எது குறைவோ அதுவரை பழைய ஏற்பாடு தொடரும். ஆகவே நாலு வருடம் முன்னால் படித்த அண்ணன் "எல்லாத்துக்கும் லோன் கிடைக்கும், கவலைப்படாதே" என்றால், அவர் காலத்துக்கு அது சரி.

கடனில்லாத வழிகளும் சில உண்டு. ஃபெடரல் வர்க்-ஸ்டடி என்ற, படித்துக்கொண்டே செய்யும் பகுதிநேர வேலையை மேற்படிப்பு மாணவர்களுக்கும் தரும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு டீச் கிராண்ட் உண்டு. ஆனால் படித்து முடித்த எட்டு வருடத்துக்குள் நான்கு வருடம், தேவை அதிகமுள்ள பாடத்தை, வருமானம் குறைந்த பகுதிப் பள்ளியில் கற்பிக்க வேண்டும். தவறினால் முழுதும் கடனாக மாறிவிடும், வாங்கிய நாளிலிருந்து வட்டியோடு.

கிரெடிட் கணக்கு: ஃபெடரல் கடனுக்குக் குறைந்தது அரைநேர மாணவராக இருக்கவேண்டும். மேற்படிப்பில் அரைநேரம் என்றால் எத்தனை கிரெடிட் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகம் தீர்மானிக்கும். பல இடங்களில் 9 முழுநேரம், 4 அல்லது 5 அரைநேரம். வேலைக்குப் போய்க்கொண்டே செமஸ்டருக்கு ஒரு பாடம், அதாவது 3 கிரெடிட், எடுக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அவர்கள் கம்பெனியின் கல்விக் கட்டண உதவியைக் கேட்பதே மேல்.

விருந்தினர் மாணவர் என்றால்

இங்கே நினைவில் வைக்க ஒரே விதி: பணம் பட்டத்தின் பின்னால் போகும், வகுப்பறையின் பின்னால் போகாது. எந்தப் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பட்டம் தரப்போகிறதோ அதுதான் உங்கள் தாய்வீடு. பாடத்தை எங்கே எடுத்தாலும் உதவி அங்கிருந்துதான் வரவேண்டும். ஒரே பாடத்துக்கு இரண்டு இடத்திலிருந்து ஃபெடரல் உதவி வாங்கவும் முடியாது.

எனக்கு நடந்தது இது. கோடையில் எடுக்கவேண்டிய புள்ளியியல் பாடம் என் பல்கலைக்கழகத்தில் அந்த வருடம் நடக்கவில்லை. வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இருந்த இன்னொரு பல்கலைக்கழகத்தில் இருந்தது. விருந்தினர் மாணவியாக விண்ணப்பித்தேன், இரண்டே நாளில் இடம் கொடுத்தார்கள். ஃபாஃப்சாவில் அவர்களுடைய பள்ளிக் குறியீட்டையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்தேன். ஒரு வாரத்தில் மெயில் வந்தது: பட்டத்துக்குச் சேராத மாணவர் என்பதால் உங்களுக்கு இங்கே உதவி கிடையாது. என் பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்டால், "நீங்கள் அங்கேதானே படிக்கிறீர்கள், அவர்களிடம் கேளுங்கள்" என்றார்கள். மூன்றாவது போனில்தான் ஒரு பெண்மணி, "கன்சார்ட்டியம் அக்ரிமென்ட் படிவம் நிரப்பினீர்களா?" என்று கேட்டார். அந்த இரண்டு வார்த்தை தெரியாததால் போனது பதினோரு நாள்.

உதவி தரத் தகுதியுள்ள இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே உங்கள் ஒருவர் பெயரில் போடப்படும் உடன்படிக்கைதான் கன்சார்ட்டியம் அக்ரிமென்ட். படிவம் தாய்வீட்டின் நிதி உதவி அலுவலகத்தில் கிடைக்கும். முதலில் உங்கள் துறை ஆலோசகர், இந்தப் பாடம் பட்டத்துக்குக் கணக்கில் வரும் என்று கையெழுத்துப் போடவேண்டும். அவர் போடாவிட்டால் அடுத்த படி இல்லை. அப்புறம் விருந்து வீட்டு (நீங்கள் விருந்தினராகப் படிக்கும் பல்கலைக்கழகத்தின்) அலுவலகம், கட்டணம் எவ்வளவு, எத்தனை கிரெடிட், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, நாங்கள் இவருக்கு ஃபெடரல் உதவி தரமாட்டோம் என்றெல்லாம் எழுதிக் கையெழுத்திடும். அதைத் தாய்வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால், இரண்டு இடத்துக் கிரெடிட்டையும் கூட்டி அரைநேரம் ஆகிறதா என்று பார்த்துப் பணத்தை விடுவிப்பார்கள்.

பணம் உங்கள் தாய்வீட்டுக் கணக்கில்தான் விழும். அங்கே கட்டவேண்டிய பாக்கி போக மிச்சம் உங்கள் வங்கிக்கு வரும், அதை எடுத்து விருந்து வீட்டில் நீங்கள் கட்டவேண்டும். ஆனால் விருந்து வீட்டின் கட்டணத் தேதி அதற்காகக் காத்திருக்காது. எனக்குப் பணம் வந்தபோது அங்கே கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது; முன்கூட்டியே தவணைத் திட்டத்தில் சேர்ந்திருந்ததால் பாடத்திலிருந்து தூக்கப்படவில்லை. நீங்களும் முதல் தவணைக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். பாடம் முடிந்ததும் மதிப்பெண் பட்டியலைத் தாய்வீட்டுக்கு அனுப்பச் சொல்லி நீங்களே விண்ணப்பிக்க வேண்டும், தானாகப் போகாது. போகாவிட்டால் அந்தக் கிரெடிட்டை முடிக்காததாகக் கணக்கிட்டு, படிப்பில் திருப்தியான முன்னேற்றம் இல்லை என்று அடுத்த செமஸ்டர் உதவியை நிறுத்திவிட முடியும்.

முனைவர் பட்ட மாணவர்களுக்கு இதைவிட வசதியான பாதைகள் உண்டு. பிக் டென் கூட்டமைப்புப் பல்கலைக்கழகங்களில் டிராவலிங் ஸ்காலர் என்று ஒரு திட்டம் இருக்கிறது. தாய்வீட்டிலேயே பதிவு செய்து, அங்கேயே கட்டணம் கட்டி, இரண்டு செமஸ்டர் வரை இன்னொரு பிக் டென் பல்கலைக்கழகத்தில் போய்ப் படிக்கலாம். ஹார்வர்ட், யேல், ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி முதலியவை சேர்ந்து நடத்தும் எக்ஸ்சேஞ்ச் ஸ்காலர் திட்டமும் இதே மாதிரிதான். கட்டணம் தாய்வீட்டில் இருப்பதால் உதவித்தொகைச் சிக்கல் பெருமளவு குறையும்.

இன்னொரு வகை, மாஸ்டர்ஸில் சேரும் முன் தேவைப்படும் பாடங்களை எடுப்பவர்கள். பி.காம். படித்துவிட்டுக் கணினி அறிவியல் மாஸ்டர்ஸ் போக விரும்பினால் மூன்று நான்கு இளநிலைப் பாடம் முடித்து வா என்பார்கள். பட்டத்துக்குச் சேராதவர் என்றாலும், அந்தப் பாடங்கள் சேர்க்கைக்குக் கட்டாயம் என்று எழுத்தில் இருந்தால், தொடர்ச்சியான 12 மாதங்களுக்கு ஃபெடரல் கடன் கேட்க வழி இருக்கிறது. தேவை என்று துறை தரும் கடிதம்தான் இதில் உயிர். ஆசைக்காக எடுக்கும் பாடத்துக்கு இது செல்லாது.

எஃப்-1, ஜே-1 காரர்களுக்கு

ஃபாஃப்சாவை மறந்துவிடுங்கள். உங்களுக்குப் பணம் இருக்கும் இடம் நிதி உதவி அலுவலகம் அல்ல, நீங்கள் சேரும் துறை. டீச்சிங் அசிஸ்டன்ட், ரிசர்ச் அசிஸ்டன்ட் வேலைகள்தான் முக்கிய வழி. முனைவர் படிப்புக்கு அறிவியல், பொறியியல் துறைகளில் இது வழக்கமாகவே சேர்க்கையோடு வரும். மாஸ்டர்ஸுக்கு அரிது, வந்த பிறகு தேடிப் பிடிப்பவர்களும் உண்டு. பாடவேளை நடக்கும் காலத்தில் எஃப்-1 மாணவர் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம்.

ஆஃபர் கடிதம் வந்தால் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா? கட்டண விலக்கு என்றால் பலமுறை பாடக் கட்டணம் (டியூஷன்) மட்டுமே. ஃபீஸ் என்ற பெயரில் தனியாக ஆயிரம் இரண்டாயிரம் வரலாம். மருத்துவக் காப்பீடு யார் கட்டுவது? உதவித்தொகையுடன் இடம் கொடுத்தவர்கள் ஒரு வாரத்தில் பதில் சொல் என்று அவசரப்படுத்தினால், ஏப்ரல் 15 தீர்மானத்தில் உங்கள் பல்கலைக்கழகமும் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பணிவாகக் கேளுங்கள். கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் அமைப்பின் அந்தத் தீர்மானப்படி முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு.

தமிழ்நாட்டில் பிஎச்.டி. செய்துகொண்டே சில மாதம் இங்கே ஓர் ஆய்வகத்துக்கு வர நினைக்கும் ஆய்வு மாணவர்கள் ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகையைப் பார்க்கலாம்; ஆறு முதல் ஒன்பது மாதம் வரை தங்குவதற்கானது, நடத்தும் அமைப்புக்குச் சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. ஜே-1 மாணவராக வந்தால் சொந்தப் பணத்தை மட்டும் காட்டினால் பொதுவாகப் போதாது. அரசோ, நிறுவனமோ, பல்கலைக்கழக உடன்படிக்கையோ பின்னால் இருக்கவேண்டும். விபத்து அல்லது நோய் ஒன்றுக்கு 1,00,000 டாலர் வரை ஈடுசெய்யும் காப்பீடும் கட்டாயம்.

பாடத்தை விடும் முன்

நடுவில் வீட்டில் ஒரு சிக்கல், வேலையில் ஒரு மாற்றம், செமஸ்டரை அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றும். அதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். செமஸ்டரில் 60 சதவீத நாள் தாண்டும் முன் எல்லாப் பாடத்தையும் விட்டால், வாங்கிய ஃபெடரல் உதவியில் நீங்கள் படித்த நாட்களுக்கானது மட்டுமே உங்களுடையது. 10,000 டாலர் வாங்கி 30 சதவீதத்தில் நின்றால் 7,000 திரும்பிப் போகவேண்டும். அதில் பல்கலைக்கழகம் அரசுக்குத் திருப்பும் பங்கை உங்கள் பெயரில் கட்டணப் பாக்கியாக எழுதிவிடும். அந்தப் பாக்கி உடனே கட்டவேண்டியது, கடன் மாதிரி வருடக்கணக்கில் அவகாசம் இல்லை. அரைநேரத்துக்குக் கீழே இறங்கிய நாளிலிருந்து கடனைத் திருப்பிச் செலுத்தத் தொடங்க ஆறு மாதம்தான். பதினைந்து வார செமஸ்டரில் அந்த 60 சதவீதம் ஒன்பதாவது வாரத்தை ஒட்டி வரும். சரியான தேதியை நிதி உதவி அலுவலகத்தில் மெயில் போட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் பாடத்தை விடுங்கள்.